சேர்ந்து ஏறிய மலை

சேர்வராயன் மலையில் பக்தி என்றாலே நடைதான். தேவாலயங்கள் எழும்பும் முன்பே, மே மாதத் திருவிழாவுக்கு மலையாளிப் பழங்குடி மக்கள் ஊர் ஊராகத் திரண்டு சேர்வராயன் கோயிலுக்கு ஏறிவந்தார்கள். 1820-களில் சேலம் ஆட்சியர் காக்பர்ன் இங்கே காபியைக் கொண்டுவந்தார். தோட்டங்கள் பெருகின, சமவெளியிலிருந்து வேலைக்கு மலையேறிய குடும்பங்களோடு கிறிஸ்தவ விசுவாசமும் ஏறியது.

அன்று, கரடியூர், நாகலூர்ப் பக்கத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஞாயிறு பூசைக்கு வர வேண்டுமென்றால் கால்தான் துணை. மூடுபனியில் யாரும் தனியே கிளம்பமாட்டார்கள். கைப்பிள்ளைக்காரிக்காகவும் மூச்சுவாங்கும் பெரியவருக்காகவும் கூட்டமே நின்று போகும். சாமியார் வர முடியாத நாட்களில் உபதேசியார் சொல்லிக்கொடுப்பார். எழுத்தறியாதவர்கள் கேட்டுக் கேட்டே ஜெபங்களை மனப்பாடம் செய்தார்கள். மறந்த வரியைப் பக்கத்தில் நிற்பவர் எடுத்துக்கொடுப்பார்.

ஆனாலும் அதைப் பொற்காலம் என்று சொல்ல மனம் ஒப்பவில்லை. கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் ஒருவர் ஆலயத்துக்குள் மற்றவர் காலடி வைக்கத் தயங்கிய காலம் அது. தமிழ்நாட்டின் பல ஆலயங்களில் சாதிக்கொரு இடம் இருந்தது. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் சாதிக்காகவே ஆலயத்துக்குள் எழுந்த தடுப்புச் சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது. ஒரே வழியில் நடந்துவந்தவர்களைப் பலிபீடத்தின் முன் பிரித்து வைத்தது, நம் திருச்சபை சுமக்கும் பாவம்.

பிறகு வந்த நல்ல மாற்றங்கள் பல. 1947 செப்டம்பர் 27 அன்று பல சபைகள் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை ஆயின. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் பூசை தமிழில் ஒலித்தது. 1995-இல் கத்தோலிக்கரும் பிற சபையாரும் சேர்ந்து உழைத்த பொது மொழிபெயர்ப்பு விவிலியம் வெளிவந்தது. 2023-இல் உரோமையில் கூடிய ஆயர் மாமன்றத்தில் முதல்முறையாகப் பெண்களும் வாக்களித்தார்கள்.

இன்று சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. தோட்டத்துப் பிள்ளைகள் பைக்கில் வந்து, பூசை முடிந்ததும் பறந்துவிடுகிறார்கள். வேலை தேடிப் பலர் திருப்பூருக்கும் பெங்களூருவுக்கும் போய்விட்டார்கள். வீட்டில் தனித்துவிடப்பட்ட பெரியவர்களுக்குக் கைப்பேசித் திரையில் பூசை. அன்று பாதையின் கடினமே மனிதரைச் சேர்த்துவைத்தது. இன்று நாமாக மனம் வைத்தால்தான் உண்டு.

மனம் வைப்பவர்கள் இருக்கிறார்கள். அன்பியக் கூட்டத்தில் பத்துப் பேர் ஒரு வீட்டுத் தரையில் உட்கார்ந்து நற்செய்தியை வாசித்து, அந்த வாரத்துக் கடனையும் நோயையும் பிள்ளையின் படிப்பையும் மனம்விட்டுப் பேசுகிறார்கள். வீட்டு ஜெபக்கூட்டங்களிலும் இதே நெருக்கம் உண்டு. எம்மாவுக்குப் போன சீடர் இருவரோடு ஆண்டவர் நடந்தார். அவர்கள் துக்கத்தை முதலில் கேட்டார். பிறகுதான் மறைநூலை விளக்கினார். இந்த ஒழுங்கை நாம் விட்டுவிடக் கூடாது.

2025 யூபிலி ஆண்டில் கத்தோலிக்கத் திருஅவை நம்மை எதிர்நோக்கின் திருப்பயணிகள் என்று அழைத்தது. உரோமை வரை போகக் கொடுத்துவைத்தவர் சிலரே. இந்த ஞாயிறு பூசைக்கு வராதவர் யார் என்று கேட்டு அவர் வீட்டுப் படியேறுவது எல்லோராலும் முடியும். அங்கிருந்து தொடங்குவோம்.