கம்பியில்லாத் தோட்டக் கருவிகளும் லித்தியம் பேட்டரியும்: விற்கும் முன் நாம் அறிய வேண்டியவை

விவசாயக் கருவி, ஹார்டுவேர், எலக்ட்ரிகல் சாமான் விற்கும் நம் உறுப்பினர்கள் பலர் இப்போது ஒரு புதுச் சரக்கைக் கடையில் வைத்திருக்கிறார்கள். பேட்டரியில் ஓடும் மருந்துத் தெளிப்பான், புல் வெட்டும் மிஷின், வேலி கத்தரிக்கும் மிஷின், கவாத்து செய்யும் கத்தரி, சருகு ஊதும் புளோயர், கையடக்கச் செயின் ரம்பம் என்று வரிசை நீள்கிறது. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு உயிர் கொடுப்பது லித்தியம் அயன் பேட்டரி.

ஆணி, கடப்பாரை, மண்வெட்டி விற்ற காலத்தில் சரக்கை எடை போட்டுக் கொடுத்தால் நம் பொறுப்பு முடிந்தது. மண்வெட்டி குடோனில் பத்து வருடம் கிடந்தாலும் துருவைத் தேய்த்து விற்றுவிடலாம். பேட்டரி அப்படிப்பட்ட சரக்கில்லை. அது அரிசி, பருப்பு போல நாளாக நாளாகக் கெடும். தவறாகக் கையாண்டால் தீயும் பிடிக்கும். தெரியாமல் விற்றால் நஷ்டம் ஒரு பில்லோடு நிற்காது. பல வருடம் சேர்த்த கடையின் பெயரும் போகும். ஆகவே நாற்பது வருடத்துக்கு மேல் மொத்த வியாபாரம் செய்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் நிலவரம்

காஞ்சிபுரத்தை அடுத்த எங்கள் கூரம் பழமையான ஊர். கூரத்தாழ்வான் பிறந்த ஊர் என்று வைணவர்கள் அறிவார்கள். பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேட்டில் ஏரியைப் பற்றியும், பாலாற்றிலிருந்து வெட்டிய கால்வாயைப் பற்றியும் செய்தி இருக்கிறது. அன்று முதல் இன்று வரை ஏரியும் நெல்லும்தான் சுற்று வட்டாரத்தின் பிழைப்பு. இன்னொரு பிழைப்பு பட்டுத் தறி. ஒரே வீட்டில் ஒருவர் தறியிலும் மற்றொருவர் வயலிலும் இருப்பதை இங்கே சாதாரணமாகப் பார்க்கலாம்.

இந்தப் பக்கத்து விவசாயிக்கு முதலில் வந்த பேட்டரிக் கருவி 16 லிட்டர் முதுகுத் தெளிப்பான். கையால் பம்பு அடிக்கும் வேலை போய்விட்டதால் வயதானவர்களும் பெண்களும் மருந்து அடிக்க முடிந்தது. ஆரம்பத்தில் வந்தவற்றில் 12 வோல்ட், 8 ஏ.எச். ஈய பேட்டரி இருந்தது. அதன் எடையே இரண்டரைக் கிலோவை ஒட்டி வரும். தண்ணீர் எடை 16 கிலோ. இதே அளவு சக்தியுள்ள லித்தியம் பேட்டரி ஒரு கிலோவுக்குள் அடங்கிவிடும். சேற்றில் இறங்கி நாள் முழுவதும் சுமப்பவருக்கு ஒன்றரைக் கிலோ குறைவது பெரிய உதவி.

வந்த வழி

லித்தியம் அயன் பேட்டரியை 1991-ல் ஜப்பானின் சோனி கம்பெனி முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. முதலில் வீடியோ காமிரா, பிறகு கைபேசி, பிறகு 2005 வாக்கில் கைக்கருவிகள் என்று பரவியது. இதற்கு அடித்தளம் அமைத்த குட்இனஃப், விட்டிங்காம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. நம் தமிழ்நாட்டிலும் வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து உருவான காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இத்துறையில் ஆராய்ச்சி செய்துவருகிறது. ஒரு வியாபாரியின் கொடையால் வந்த நிலையம் என்பதில் நமக்குப் பெருமை உண்டு.

லேபிளைப் படிக்கும் முறை

பேட்டரி விற்பவர் இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும். ஒன்று வோல்ட். மற்றது ஏ.எச்., அதாவது ஆம்பியர் கணக்கில் எத்தனை மணி நேரம் என்பது. இரண்டையும் பெருக்கினால் வருவது வாட் மணி. அதுதான் உள்ளே இருக்கும் உண்மையான சரக்கு. 18 வோல்ட், 2 ஏ.எச். என்றால் 36 வாட் மணி. 18 வோல்ட், 4 ஏ.எச். என்றால் 72 வாட் மணி. பெட்டி பெரிதா, நிறம் பளபளப்பா என்பதெல்லாம் கணக்கில் வராது. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்.

வாடிக்கையாளர் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அந்தக் கடையில் 20 வோல்ட் கொடுக்கிறார்கள், உங்களிடம் 18 வோல்ட்தானே இருக்கிறது?" இரண்டும் ஒன்றுதான். உள்ளே இருப்பவை வரிசையாகக் கோத்த ஐந்து செல்கள். சாதாரண நிலையில் ஒரு செல்லுக்கு 3.6 வோல்ட் என்றால் மொத்தம் 18. முழுதாகச் சார்ஜ் ஏறியதும் ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட் வீதம் 21. ஒருவர் சராசரியை எழுதுகிறார், மற்றவர் உச்சத்தை எழுதுகிறார்.

இதையும் தாண்டி, மலிவுச் சரக்கில் "48", "88", "98" என்று பெரிய எண்களைப் போட்டு, பக்கத்தில் வி.எப். என்று ஏதோ எழுத்தைச் சேர்த்து விற்கிறார்கள். பிரித்துப் பார்த்தால் உள்ளே அதே ஐந்து செல்கள்தான் இருக்கும். சில சமயம் செல்லுக்குப் பதில் வெறும் இடம்தான் இருக்கும். ஏ.எச். எண்ணையும் அப்படியே நம்பக் கூடாது. 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள 18650 ரகச் செல் ஒன்று, கருவிக்கு ஏற்ற தரத்தில், 2 முதல் 3 ஏ.எச். வரைதான் தரும். ஐந்து செல் மட்டும் உள்ள சிறிய பேட்டரியில் 8 ஏ.எச். என்று எழுதியிருந்தால் அது நடக்காத காரியம். தராசில் வைத்துப் பாருங்கள். எடை போடத் தெரிந்த நமக்கு இதில் யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை.

கையில் எடுத்துச் செல்லும் சாதனங்களுக்கான லித்தியம் பேட்டரிக்கு ஐ.எஸ். 16046 தரக் குறியீடும், ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பி.ஐ.எஸ். பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அது இல்லாத சரக்கை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் ஏற்க வேண்டாம். வரி விஷயத்தில், லித்தியம் பேட்டரிக்கான ஜி.எஸ்.டி. 2018 ஜூலையில் 28-லிருந்து 18 சதவிகிதமாகக் குறைந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் ஈய பேட்டரிக்கும் 18 சதவிகிதம் ஆகிவிட்டது. பழைய விலைப்பட்டியலை வைத்திருப்பவர்கள் திருத்திக்கொள்ளவும்.

எந்த வேலைக்கு எது

தெளிப்பான் மோட்டார் எடுப்பது சுமார் 30 வாட். 96 வாட் மணி பேட்டரி இருந்தால் மூன்று மணி நேரம் ஓடும். இங்கே பேட்டரிக்கு நிகர் எதுவும் இல்லை. சார்ஜ் செலவும் அற்பம். ஒரு யூனிட் மின்சாரத்தில் ஏழெட்டு முறை சார்ஜ் போடலாம்.

புல் வெட்டும் மிஷின் கதை வேறு. சிறிய மிஷினே சுமை ஏறும்போது 300 வாட் எடுக்கும். 72 வாட் மணி பேட்டரி சுமார் 14 நிமிடத்தில் தீர்ந்துவிடும். வீட்டுத் தோட்டம், கோயில் நந்தவனம், பள்ளிக்கூட வாசல் இவற்றுக்கு அது போதும். சத்தமில்லை, புகையில்லை, ஆயில் கலக்கும் தொல்லையில்லை. ஆனால் வரப்பு முழுவதும் கோரையும் நாணலும் மண்டிக் கிடக்கும் விவசாயிக்கு அதைக் கொடுத்தால் மறுநாள் காலையில் கடை வாசலில் நிற்பார். பெட்ரோல் பிரஷ் கட்டர் ஒன்றரைக் குதிரைச் சக்தியில் மணிக்கணக்காக ஓடுகிறது. ஒரு மணி நேரம் ஆயிரம் வாட் வேண்டுமானால் 72 வாட் மணி பேட்டரி பதினான்கு தேவைப்படும். இந்தக் கணக்கை அவரிடம் சொல்லிவிடுங்கள். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 2024 முதல் புதிய சிறு பெட்ரோல் தோட்டக் கருவிகளின் விற்பனைக்குத் தடை கொண்டுவந்தது உண்மை. அங்கே வேலை வீட்டுப் புல்வெளியில் நடக்கிறது. இங்கே வரப்பில் நடக்கிறது.

எங்கள் ஊர் விவசாயி ஒருவர் நெல்லில் புகையான் விழுந்த சமயத்தில், வெளியூரில் மலிவாக வாங்கிய தெளிப்பானை வைத்துக்கொண்டு தவித்ததைப் பார்த்தேன். நான்காவது டேங்கில் மோட்டார் நின்றுவிட்டது. மாற்றுப் பேட்டரி அந்த மாடலுக்குக் கிடைக்கவில்லை. புகையான் இரண்டு நாள் காத்திருக்காது. வட்டம் வட்டமாகப் பயிர் காய்ந்துவிடும். பக்கத்து நிலத்துக்காரர் கைத்தெளிப்பானைக் கொடுத்து உதவியதால் பெரும்பகுதி பயிர் தப்பியது. மாற்றுப் பேட்டரியும் சார்ஜரும் தொடர்ந்து கிடைக்காத மாடலை நாம் விற்கக் கூடாது என்பதே இதிலுள்ள பாடம்.

குடோனில் வைக்கும் முறை

விமானத்தில் தனியாக அனுப்பும் லித்தியம் பேட்டரியில் 30 சதவிகிதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக் கூடாது என்று 2016 ஏப்ரல் முதல் விதி இருக்கிறது. மற்ற வழியில் வரும் சரக்கும் பெரும்பாலும் குறைந்த சார்ஜில்தான் வருகிறது. அது மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். செல்லுக்கு இரண்டரை வோல்ட்டுக்குக் கீழே போய்விட்டால் உள்ளே கெட்டுவிடும். பிறகு சார்ஜரே அதை ஏற்காது.

எனக்குத் தெரிந்த ஒரு சில்லறைக் கடையில் பொங்கலுக்கு எடுத்த சரக்கு விற்காமல் ஒரு வருடம் தகரக் கூரைக்கு அடியில் கிடந்தது. எடுத்துப் பார்த்தபோது பாதிக்கு மேல் விளக்கே எரியவில்லை. கம்பெனியிடம் கேட்டதற்கு, வைத்த முறை சரியில்லை என்று சொல்லி மாற்றித் தர மறுத்துவிட்டார்கள். நஷ்டம் முழுவதும் கடைக்காரர் தலையில் விழுந்தது.

ஆகவே சரக்கு வந்த தேதியைப் பெட்டியில் எழுதுங்கள். முதலில் வந்தது முதலில் போகட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை விளக்கை அழுத்திப் பார்த்து, பாதி அளவுக்குச் சார்ஜ் ஏற்றி வையுங்கள். முழுச் சார்ஜில் மாதக்கணக்காக வைப்பதும் கெடுதல். தகரக் கூரைக்குக் கீழே வேண்டாம். காற்றோட்டமான, குளிர்ச்சியான இடம் வேண்டும். பூச்சி மருந்து, தின்னர், பெயிண்டு இவற்றின் பக்கத்தில் கண்டிப்பாக வைக்காதீர்கள். சீசனுக்குத் தேவையான அளவு மட்டும் எடுங்கள். அதிகம் எடுத்தால் கூடுதல் தள்ளுபடி என்று சொல்லும் மொத்த வியாபாரி நானாகவே இருந்தாலும் சரி.

சார்ஜும் தீயும்

லித்தியத்துக்கு அதற்குரிய சார்ஜர் மட்டுமே போட வேண்டும். மூன்று செல் உள்ள பேட்டரி 12.6 வோல்ட்டில் நிறைந்துவிடும். பழைய ஈய பேட்டரியின் சார்ஜர் 14 வோல்ட்டுக்கு மேல் தள்ளும். நடுவில் காவலாக இருப்பது ஒரு சிறிய பாதுகாப்புத் தகடு மட்டுமே. அதுவும் மலிவுச் சரக்கில் இருக்கும் என்பது நிச்சயமில்லை. "பின் பொருந்துகிறது, போட்டுக்கொள்ளுங்கள்" என்று யாருக்கும் சொல்லாதீர்கள்.

அக்கினி நட்சத்திர வெயிலில் வேலை செய்து கொதித்துக்கொண்டிருக்கும் பேட்டரியை உடனே சார்ஜில் போடக் கூடாது. அரை மணி நேரம் நிழலில் ஆறட்டும். நல்ல சார்ஜர் சூடான பேட்டரியை ஏற்காமல் விளக்கைச் சிமிட்டும். அதைப் பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொண்டுவருகிறவர்களும் உண்டு. விற்கும்போதே சொல்லிவிட்டால் அந்த நடை மிச்சம்.

நம் ஊருக்கென்று ஓர் எச்சரிக்கை உண்டு. தறி உள்ள வீடுகளில் இராத்திரி தெளிப்பானைத் தறிக்குப் பக்கத்தில் வைத்துச் சார்ஜ் போடுகிறார்கள். ப்ளக் பாயிண்டு அங்கேதான் இருக்கிறது என்கிறார்கள். பட்டு, பஞ்சு மாதிரி குப்பென்று பற்றாது. ஆனாலும் புகையும் சூடும் பட்டால் பாவு போனது போனதுதான். அந்தப் பாவில் நெசவாளியின் பல நாள் கூலியும், பட்டும் ஜரிகையும் கொடுத்தவரின் முதலும் இருக்கின்றன. மருந்து ஒட்டிய கருவி குழந்தைகள் படுக்கும் இடத்தில் இருப்பதும் சரியில்லை. திண்ணையில் அல்லது கொட்டகையில், சிமெண்டுத் தரையில், ஆள் விழித்திருக்கும் நேரத்தில் போடச் சொல்லுங்கள்.

உப்பிய பேட்டரி, கீழே விழுந்து நசுங்கிய பேட்டரி, தண்ணீரில் மூழ்கிய பேட்டரி இவற்றைச் சார்ஜ் போடவே கூடாது. தீப்பிடித்தால் முதலில் மெயினை அணைக்க வேண்டும். புகையை மூக்கில் வாங்காமல் தள்ளி நின்று ஏராளமாகத் தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்க வேண்டும். அணைந்தது போலத் தோன்றி மறுபடி பற்றும் குணம் அதற்கு உண்டு. ஆகவே அணைந்த பிறகும் வெட்டவெளியில்தான் வைக்க வேண்டும்.

பழைய பேட்டரி

ஈய பேட்டரிக்குப் பழைய இரும்புக் கடையில் விலை உண்டு. அதனால் அது தெருவுக்கு வராது. லித்தியத்துக்கு அந்த விலை இல்லாததால் குப்பைத் தொட்டிக்குப் போய், குப்பை வண்டியில் நசுங்கித் தீப்பிடிக்கிறது. 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் எல்லா வகைப் பேட்டரிக்கும் பொருந்தும். பழையதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளர், இறக்குமதியாளர் மீது இருக்கிறது. வாங்கியவரும் மற்றக் குப்பையோடு போடாமல் தனியாக ஒப்படைக்க வேண்டும். பேட்டரியின் மேல் குறுக்குக் கோடு போட்ட குப்பைத் தொட்டிப் படம் இருப்பது இதற்காகத்தான்.

நாம் செய்யக்கூடியது சுலபம். கடையில் மணல் போட்ட ஒரு தகர டின் வையுங்கள். வரும் பழைய பேட்டரியின் முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி அதில் போடுங்கள். சேர்ந்ததும் கம்பெனி ஏஜெண்டிடமோ, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமோ கொடுக்கலாம். ஏஜெண்டு சரக்கு இறக்கும்போதே, பழையதை எடுத்துச் செல்வாரா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

பில் போடும் முன்

கம்ப்யூட்டரிலும் கைபேசியிலும் ஆர்டர் போட்டால் வீட்டுக்கே சரக்கு வந்துவிடும் காலம் இது. விலையில் நாம் அவர்களோடு எப்போதும் போட்டி போட முடியாது. ஆனால் கீழ்க்கண்டவற்றை நம்மால்தான் செய்ய முடியும்.

1. என்ன வேலை, எவ்வளவு நிலம் என்று கேட்டு, அதற்கு ஏற்ற கருவியைச் சொல்வது.

2. வாடிக்கையாளர் எதிரில் பேட்டரியைப் போட்டு ஓட்டிக் காட்டுவது.

3. பில்லில் மாடல், பேட்டரியின் வரிசை எண், விற்ற தேதி மூன்றையும் எழுதுவது. உத்தரவாத அட்டையில் முத்திரை வைத்துக் கொடுப்பது.

4. சார்ஜ் போடும் முறையைத் தமிழில் அரைப் பக்கம் அச்சடித்துக் கையில் தருவது.

5. ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு மாற்றுப் பேட்டரியும் ஒரு சார்ஜரும் சீசன் முடியும் வரை கடையில் வைத்திருப்பது.

முந்நூறு முதல் ஐந்நூறு முறை சார்ஜ் ஏறிய பிறகு சாதாரண லித்தியம் பேட்டரி தளர்ந்துவிடும். அன்றைக்கு அந்த விவசாயி எந்தக் கடைப் படியை ஏறுவார் என்பது, இன்று நாம் அவரிடம் எவ்வளவு உண்மை பேசுகிறோம் என்பதைப் பொறுத்தது. உறுப்பினர்கள் இந்த ஐந்தையும் இந்தச் சீசனிலேயே தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.