திரியின் நீளம் தெரியாத வெடி

அம்மன் கோயில் பொங்கலுக்குச் சாட்டிய மறுநாள் மாலை, சூலக்கரையில் வேப்பமரத்தடியில் மைக் செட் கட்டிக்கொண்டிருந்த வாலிபன் ஒருவனிடம், ஆயுளில் பெரும்பகுதியைப் பாட்டுக் கேட்பதிலேயே செலவிட்டவன் என்ற கர்வத்தோடு, நான் போய்ச் சண்டைக்கு நின்றேன்.

"ஏந் தம்பி, இது பாட்டா, தகர டப்பாவ உருட்டுற சத்தமா? நல்ல பழைய பாட்டா நாலு போடப்படாதா?"

பல்லில் கடித்திருந்த ஒயரை எடுத்துவிட்டு அவன் நிதானமாகச் சொன்னான்: "மூணு நாளு கேளுங்க தாத்தா. நாலாம் நாளு நீங்களே போடச் சொல்வீங்க."

அதிகப்பிரசங்கித்தனம் என்று எண்ணி நான் வீடு திரும்பினாலும், அவ்வார்த்தை மனோதத்துவ சாஸ்திரத்தில் பெயர்பெற்ற ஒரு சித்தாந்தத்தின் சாரம் என்பது பிற்பாடுதான் ஞாபகத்துக்கு வந்தது. அர்த்தமற்ற சொற்களையும், சீன எழுத்துக்களைப் போன்ற கோடுகளையும், முன்பின் அறியாத மனிதரின் முகங்களையும் சிலருக்குச் சில முறையும் பல முறையும் காட்டி, எது எவ்வளவு பிடித்திருக்கிறது என்று விசாரித்த ராபர்ட் ஸயோன்ஸ் என்ற அமெரிக்க அறிஞர், அடிக்கடி கண்டது எதுவோ அதன்மேலேயே பிரியம் மிகுகிறது என்று 1968இல் நிரூபித்துக் காட்டினார். காரணம் தேடி நாம் பிரியம் வைப்பதில்லை. பழகிய பிறகு காரணத்தைத் தேடிக்கொள்கிறோம் என்று இதற்கு நான் பொருள் கொள்கிறேன்.

பழம்பாட்டுக்காரர்களாகிய எங்களுக்கோ வேறொரு வியாக்கியானம் உண்டு. அக்காலத்தில் சங்கீதம் இருந்தது, இக்காலத்தில் இரைச்சல் இருக்கிறது என்பதே அது. மாரிஸ் ஹால்புரூக், ராபர்ட் ஷிண்ட்லர் என்ற இருவர், பல வயதினரான 108 பேருக்கு, 1932 முதல் 1986 வரை பிரபலமாயிருந்த 28 பாடல்களின் பகுதிகளைப் போட்டுக் காட்டி மதிப்பெண் இடச் சொல்லி, 1989இல் வெளியிட்ட கணக்கின்படி, அவரவருக்கு ஏறத்தாழ 23.5 வயதாயிருந்த காலத்தில் வெளிவந்த பாட்டே அவரவருக்கு உச்சப் பிரீதி உடையதாக இருந்தது. அப்படியானால் சங்கீதத்தின் பொற்காலம் என்பது கேட்பவனின் ஜாதகத்தைப் பொறுத்த சங்கதி! 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளி கண்ட காலத்தில் பாகவதர் பாட்டுக்கு மயங்கியிருந்த என் தகப்பனார், 1976இல் 'அன்னக்கிளி' வந்தபோது, வயல்வரப்பில் இருக்க வேண்டியதை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார்களே என்று வருத்தப்பட்டார். 1992இல் 'ரோஜா' வந்தபோது ஏறத்தாழ அதே வருத்தத்தை, அதே நாற்காலியில் உட்கார்ந்து, நான் பட்டேன்.

இளமையில் கேட்டது மட்டும் ஏன் இப்படி ஒட்டிக்கொள்கிறது? பட்டாசு வட்டாரத்தில் பிறந்தவனுக்கு இதை விளக்குவது சுலபம். வெடியின் சுகம் வெடிப்பில் மாத்திரம் இல்லை. ஊதுவத்தியைத் திரியில் வைத்துவிட்டு ஓடிவந்து, காதைப் பாதி பொத்தியும் பொத்தாமலும், இதோ, இதோ என்று நிற்கும் அந்தச் சில விநாடிகளிலேயே பாதிச் சுகம் தீர்ந்துபோகிறது. கனடாவின் மான்ட்ரீல் நகரில் வலோரி சலிம்பூர், ராபர்ட் சட்டோர் ஆகியோர், தமக்கு மயிர்க்கூச்செறியச் செய்யும் பாட்டுக்களைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களின் மூளையைப் படம் பிடித்து 2011இல் அறிவித்ததும் இதுவே: பாட்டின் உச்சம் வருவதற்கு முன்னமே, அதை எதிர்நோக்கும் கணத்தில், காடேட் என்ற மூளைப் பகுதியில் டோபமைன் சுரக்கிறது, உச்சம் வந்து சேரும் கணத்தில் அக்கம்பென்ஸ் என்ற வேறொரு பகுதியில் சுரக்கிறது. திரிக்கு ஒரு சுரப்பு, வெடிக்கு ஒரு சுரப்பு!

பழைய பாட்டில் திரியின் நீளம் நமக்கு அத்துபடி. பல்லவி திரும்பும் இடமும், புல்லாங்குழல் நுழையும் இடமும், பாடகர் மூச்சை இழுத்துப் பிடிக்கும் இடமும் தெரிந்திருப்பதால் நாம் முன்னதாகவே போய்க் காத்து நிற்கிறோம். புதிய பாட்டோ திரியின் நீளம் தெரியாத வெடி; எதிர்பாராத கணத்தில் வெடித்துத் தூக்கிவாரிப்போடுகிறது, அல்லது காத்துக் காத்து நமுத்துப்போனதாகத் தோன்றுகிறது. குற்றம் வெடியினுடையதன்று. ஆனால் மறுபக்கமும் உண்டு: முழுக்க முழுக்கத் தெரிந்துபோன திரியும் சலிப்பூட்டும். புதுமை மிகவும் குறைந்தாலும் மிகவும் கூடினாலும் இன்பம் சரிந்து, நடுத்தர அளவிலேயே அது உச்சத்தை எட்டும் என்று மனோதத்துவ அறிஞர் டேனியல் பெர்லைன் 1971இல் எழுதினார். ஆயிரம் முறை கேட்ட பாட்டை ஆயிரத்தோராம் முறை போட்டுவிட்டு நாம் தூங்கிப்போவதன் ரகசியமும் இதுவாகவே இருக்கலாம்.

இந்த விவாதம் இன்று நேற்று வந்ததன்று. 1952இல் மத்திய சர்க்காரில் செய்தி ஒலிபரப்பு மந்திரியாயிருந்த பி. வி. கேஸ்கர், சினிமாப் பாட்டுக்கள் ஜனங்களின் ரசனையைக் கெடுக்கின்றன என்ற அபிப்பிராயத்தால், அவற்றை அகில இந்திய வானொலியிலிருந்து அநேகமாக விரட்டியே விட்டார். ஜனங்கள் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள். கடலுக்கு அப்பாலிருந்து வந்தாலும் தென்ஜில்லாக்களில் அது துல்லியமாகக் கேட்டது. தீப்பெட்டி ஒட்டும் திண்ணைகளில், பசைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் அந்த ரேடியோ இரைந்துகொண்டிருந்ததைக் கேட்டே நான் வளர்ந்தேன். முடிவில் 1957 அக்டோபர் 3ஆம் தேதி விவித பாரதி பிறந்தது. அன்று மட்டம் என்று தள்ளப்பட்ட அந்த ஐம்பதுகளின் பாட்டுக்களைத்தான் இன்று நாம் அமரகானம் என்று சொல்லி, பேரப்பிள்ளைகளை அதட்டிக்கொண்டிருக்கிறோம். அவற்றோடு பிறந்த சப்பைப் பாட்டுக்கள் எத்தனையோ. காலம் சுளகில் போட்டுப் புடைத்துப் பதரைத் தள்ளிவிட்டதால் மணி மட்டுமே நம் நினைவில் நிற்கிறது. இன்றைய பாட்டை நாம் கேட்பதோ புடைக்காத தானியமாக.

இன்னும் பழைய சாட்சி வேண்டுமானால், சூலக்கரையிலிருந்து சாத்தூர், கோவில்பட்டி வழியாகப் பஸ் ஏறி எட்டயபுரம் போகலாம். முத்துஸ்வாமி தீக்ஷிதர் 1835இல் சித்தியடைந்த அவ்வூரின் சமஸ்தானத்தில் வித்வானாக இருந்த அவருடைய தம்பி பாலுஸ்வாமி தீக்ஷிதர்தான், வெள்ளைக்காரரின் வாத்தியமாகிய பிடிலைச் சென்னையில் கற்று, நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்த முதல்வர்களில் ஒருவர். அண்ணனும் சளைத்தவர் அல்லர். கும்பினியார் பாண்டு வாத்தியத்தில் கேட்ட மேனாட்டு மெட்டுக்களுக்கு ஸம்ஸ்கிருத சாகித்தியம் அமைத்து நோட்டுஸ்வரங்களைச் செய்தவர். இன்று பிடில் இல்லாத கச்சேரி உண்டா?

புதுப்பாட்டு பிடிபடாமல் போவதில் செவியின் பங்கையும் சொல்லாமல் விடுவது நியாயமன்று. உட்செவியில் நத்தை ஓடு போன்ற உறுப்பில் ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள் இருக்கின்றன. கெட்டவை திரும்ப முளைப்பதில்லை. வயதாலும், அச்சு இயந்திரங்களின் பக்கத்தில் கழிந்த வருஷங்களாலும், வெடிச் சத்தத்தாலும் முதலில் போவது உச்ச ஒலிகளைப் பிடிப்பவை. ச, ட, த முதலிய வல்லினங்களின் கூர்மை அவற்றோடு மழுங்கிப்போகிறது. பழைய பாட்டில் காது தவறவிடுவதை மனப்பாடம் இட்டு நிரப்பிவிடுகிறது. புதுப்பாட்டில் நிரப்ப ஆளில்லை. "வார்த்தையே விளங்கலியே" என்ற நம் புகாரில் பாதி, பாடகரைச் சாராது. ஆகவே இப்பொழுதெல்லாம் பாட்டின் வரிகளை ஒருமுறை கண்ணால் வாசித்துவிட்டு, பிறகே காதைக் கொடுக்கிறேன். பாதி இரைச்சல் அப்போதே அடங்கிவிடுகிறது.

மற்றோர் உபாயம், வாசல் வழியாகப் போகாமல் புழக்கடை வழியாகப் போவது. மான்ட்ரீல் ஆராய்ச்சியாளர்களே 2013இல், அதற்குமுன் கேட்டிராத பாட்டுக்களை 19 பேருக்குப் போட்டு, கைப்பணம் எவ்வளவு கொடுத்து வாங்குவீர்கள் என்று கேட்டார்கள். விலை ஏற ஏற, அக்கம்பென்ஸுக்கும், ஆயுள் முழுவதும் கேட்டதைச் சேமித்து வைத்திருக்கும் செவிப்புலப் பகுதிக்கும் இடையே சம்பாஷணை வலுத்தது. புதியதை ரசிப்பதற்கும் பழைய சேமிப்பே முதல் என்று இதிலிருந்து கொள்ளலாம். 2021இல் அறிவு, தீ என்ற இருவரும் பாடிய 'என்ஜாய் எஞ்சாமி'யை என் பேத்தி போட்டபோது தாளம் எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் அதனுள் ஒப்பாரியின் இழுப்பு ஒன்று எட்டிப் பார்த்ததும், இழவு வீட்டில் கேட்டதாயிற்றே என்று செவி நிமிர்ந்து உட்கார்ந்தது. அந்த ஓர் இழையைப் பிடித்துக்கொண்டு, கை வேலையாயிருக்கும்போது, முழுக் கவனமும் கொடாமல் நாலைந்து நாள் கேட்டபின் தாளம் தானாக வசப்பட்டது.

பொங்கலின் மூன்றாம் நாள் ராத்திரி, முளைப்பாரி கரைத்துவிட்டுப் பெண்கள் திரும்பிக்கொண்டிருந்த நேரத்தில், மைக் செட்டில் ஒரு கிராமத்து அம்மாளின் குரல் எழுந்தது. மெருகு போடாத, தொண்டையைத் திறந்துவிட்ட குரல். எங்கள் ஊர்க் கும்மியில் முன்பாட்டுப் பாடும் பெரியம்மாக்களின் குரலே அது. முந்தின இரண்டு நாளும் இதே பாட்டு ஓடியிருக்க வேண்டும். மேளம் எங்கே விழப்போகிறது என்பது எனக்கு முன்கூட்டியே தெரிந்தது, விழுவதற்கு முன்னமே என் கால் தரையைத் தட்டியது. வெட்கத்தை விட்டு அந்த வாலிபனிடம் போய், "இது எந்தப் புதுப்படம் தம்பி?" என்று கேட்டேன்.

"'கர்ணன்'ல கிடாக்குழி மாரியம்மாள் பாடுனது தாத்தா. சந்தோஷ் நாராயணன் மியூசிக்கு" என்றவன், ஒயரைச் சுருட்டிக்கொண்டே சேர்த்துச் சொன்னான்: "ஆனா புதுசெல்லாம் இல்ல. ரெண்டாயிரத்து இருபத்தொண்ணுல வந்தது. இது பழைய பாட்டு."