எடை தூக்கினால் உயரம் நின்றுவிடுமா?

"வேணாம் தம்பி, இந்த வயசுல எடை தூக்கினா வளராம குள்ளமாவே நின்னுடுவ!"

ஜிம்முக்குப் போகிறேன் என்று சொன்னதும் உங்கள் வீட்டிலும் இப்படிச் சொன்னார்களா?

சுருக்கமான பதில்: முறையாகச் செய்தால், எடைப் பயிற்சி உயரத்தைக் குறைக்காது.

அப்படியென்றால் இந்தப் பயம் எங்கிருந்து வந்தது?

கை கால் எலும்புகளின் முனைக்கு அருகே குருத்தெலும்பாலான 'வளர்ச்சித் தட்டு' இருக்கிறது. எலும்பு நீள்வது அங்கேதான். பதின்ம வயதின் பிற்பகுதிக்குள் அது கெட்டியாகி மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகு உயரம் கூடாது.

மூடும்வரை அது மென்மையான இடம். பலமாக அடிபட்டால் அந்த எலும்பின் வளர்ச்சி பாதிக்கப்படலாம்.

1970களிலும் 80களிலும் எடை தூக்கிய சில இளையர்களுக்கு அங்கே முறிவு ஏற்பட்டதாக மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. பெரும்பாலும் கண்காணிப்பு இல்லாமல், தவறான முறையில் அதிக எடையைத் தூக்கியதே காரணம்.

"பளுதூக்கும் வீரர்கள் பலர் குட்டையாத்தானே இருக்காங்க?"

கை கால் குட்டையாக இருந்தால் எடையை உயர்த்த வேண்டிய தூரம் குறைவு. அதனால் அத்தகையவர்கள் அந்த விளையாட்டில் சிறக்கிறார்கள். கூடைப்பந்து ஆடுவதால் யாரும் நெட்டையாகிவிடுவதில்லை, இல்லையா? அதே கதைதான்.

மருத்துவர்கள் என்ன சொல்கிறார்கள்?

முறையான எடைப் பயிற்சி வளர்ச்சித் தட்டையோ உயரத்தையோ பாதிப்பதில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2020இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது.

5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் வாரத்தில் குறைந்தது 3 நாள் தசைக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் நடவடிக்கைகளில் ஈடுபட வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

பள்ளியில் நாப்ஃபா சோதனைக்குச் செய்யும் புல்-அப், சிட்-அப் எல்லாமே ஒருவகையில் எடைப் பயிற்சிதான். தூக்குவது உங்கள் உடல் எடையை! குதித்துத் தரையிறங்கும்போது கால்கள் தாங்கும் விசை உங்கள் எடையைவிடப் பல மடங்கு.

உயரத்தை முடிவுசெய்வது எது?

மனிதர்களின் உயர வேறுபாட்டில் சுமார் 80 விழுக்காட்டுக்கு மரபணுவே காரணம். மீதியில் உணவுக்கும் உடல்நலத்துக்கும் பெரிய பங்கு உண்டு. வளர்ச்சி ஹார்மோன் ஆழ்ந்த தூக்கத்தில் அதிகம் சுரக்கிறது. பதின்ம வயதினருக்கு இரவில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை.

வகுப்பில் நீங்கள்தான் ஆகக் குட்டையா? பருவ வளர்ச்சி தொடங்கும் வயது ஆளுக்கு ஆள் மாறும். சிலர் உயர்நிலை நான்கில்தான் கிடுகிடுவென வளர்கிறார்கள்.

உயரத்துக்கு உண்மையான ஆபத்து வேறோர் இடத்தில் இருக்கிறது. தசை சீக்கிரம் வர வேண்டும் என்று சிலர் எடுக்கும் ஸ்டீராய்டு, வளர்ச்சித் தட்டை முன்கூட்டியே மூடிவிடலாம். யார் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

தொடங்குமுன்

- முதலில் எடை இல்லாமல் ஸ்குவாட், புஷ்-அப் போன்றவற்றைச் சரியாகச் செய்யப் பழகுங்கள்.
- தகுதிபெற்ற பயிற்றுவிப்பாளர் பார்க்க, லேசான எடையில் தொடங்குங்கள். 10 முதல் 15 முறை தடுமாறாமல் தூக்க முடிந்தால், கொஞ்சம் கூட்டலாம்.
- "நான் எவ்வளவு தூக்குறேன் பாரு" என்று நண்பர்களிடம் போட்டி வேண்டாம். அப்படிச் செய்தால் காயம் ஏற்படலாம்.
- வாரம் 2, 3 நாள் போதும். இடையில் ஓய்வு அவசியம்.
- ஏற்கெனவே இதய நோயோ வேறு உடல்நலப் பிரச்சினையோ இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

மூட்டுக்கு அருகே வலியோ வீக்கமோ வந்தால், பல்லைக் கடித்துக்கொண்டு தொடராதீர்கள். நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். வளர்ச்சித் தட்டில் காயம் பட்டிருந்தால்கூட, சீக்கிரம் கவனித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.