செம்ஸ்ஃபோர்டிலிருந்து ஒரு கச்சேரி

1920ஆம் ஆண்டு ஜூன் 15. லண்டனுக்கு வடகிழக்கே செம்ஸ்ஃபோர்டு ஊரில் மார்க்கோனி கம்பெனியின் தொழிற்சாலை. மாலை ஏழு மணி பத்து நிமிடம். சுண்ணாம்பு அடித்த ஒரு சாதாரண அறையில் பியானோவுக்கு அருகே நிற்கிறார் நெல்லி மெல்பா. ஆஸ்திரேலியாவில் பிறந்து ஐரோப்பாவின் ஆபரா அரங்குகளை ஆண்ட பாடகி. அப்போது அவருக்கு வயது 59. அவருக்கு முன்னால் தொங்குகிறது ஒரு டெலிபோன் வாய்க்குழல். அதன் மேல் சுருட்டுப் பெட்டிப் பலகையை வெட்டிச் செய்த கூம்பு. உலகின் புகழ்பெற்ற குரல்களில் ஒன்றுக்குக் கிடைத்த மைக் அவ்வளவுதான்.

அவர் முதலில் பாட்டு எதையும் எடுக்கவில்லை. நீண்ட ஒரு கமகத்தை உதிர்த்துக் குரலைச் சரி பார்த்துக்கொண்டார். பிறகு ஆங்கிலத்தில், பிரெஞ்சில், இத்தாலிய மொழியில் என்று பாடினார். பிரிட்டிஷ் தேசிய கீதத்தோடு நிறைவு. இதற்கு 1,000 பவுன் சன்மானம் கொடுத்தது ‘டெய்லி மெயில்’ பத்திரிகை. அதன் முதலாளி லார்டு நார்த்கிளிஃப் செய்தியின் மணம் அறிந்தவர். செலவழித்த பணத்துக்கு மேல் விளம்பரம் கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும்.

மெல்பாவை அழைத்துச் சென்று உயரமான ஏரியல் கம்பத்தைக் காட்டிய பொறியாளர், “உங்கள் குரல் அதன் உச்சியிலிருந்துதான் போகும்” என்றாராம். அதில் ஏற முடியாது என்று மெல்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். கம்பத்தின் உயரம் சுமார் 137 மீட்டர். அவர் பயந்ததில் நியாயம் உண்டு.

பேச்சையும் பாட்டையும் கம்பியில்லாமல் அனுப்புவது அன்றைக்குப் புதிதல்ல. 1910 ஜனவரியிலேயே அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் லீ டி ஃபாரஸ்ட், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆபராவிலிருந்து பாடகர் கரூசோவின் பாட்டை ஒலிபரப்பிப் பார்த்தார். கேட்டவர்கள் மிகச் சிலர், கேட்டதோ பெரும்பாலும் இரைச்சல். செம்ஸ்ஃபோர்டிலும் மெல்பாவுக்கு முன்பே பாடியவர் உண்டு. அங்கே சோதனை ஒலிபரப்புக்குக் குரல் கொடுத்த டபிள்யூ. டி. டிச்சம் என்ற பொறியாளர், ரயில் நிலையங்களின் பெயர்ப் பட்டியலை மைக்கில் வாசித்துக்கொண்டிருந்தார். எத்தனை நாளைக்கு ஸ்டேஷன் பெயர்களை வாசிப்பது? உள்ளூர்க் கலைஞர்கள் சிலரைக் கூப்பிட்டார்கள். அப்படிப் பாடியவர் வினிஃப்ரெட் சேயர் என்ற பெண். வரலாறு மெல்பாவை நினைவில் வைத்துக்கொண்டு சேயரை ஓரத்தில் விட்டுவிட்டது. வழியைச் சோதித்துக் கொடுத்த குரல் சேயருடையது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

மெல்பாவின் மாலையை நான் தனியே நிறுத்திப் பார்ப்பதற்குக் காரணம் வேறு. அதுவரை வயர்லெஸ் என்பது கப்பலுக்கும் கரைக்கும் இடையிலான தந்தி. அனுப்புபவர் ஒருவர், பெறுபவர் ஒருவர். நடுவில் யார் வேண்டுமானாலும் ஒட்டுக் கேட்கலாம் என்பது அந்தத் தொழில்நுட்பத்தின் தீராத குறையாகக் கருதப்பட்டது. கடற்படைகள் சங்கேத மொழிக்குள் ஒளிந்துகொண்டதும் அதனால்தான். அந்தக் குறையே வயர்லெஸ்ஸின் பெரிய பலம் என்று பொதுமக்களுக்குப் புரிய வைத்தது ஒரு பாட்டுக் கச்சேரி. ஒருவர் பாட, முகவரி தெரியாத ஆயிரம் பேர் கேட்கலாம்; கேட்பவர் கூடுவதால் ஒலிபரப்புச் செலவு ஒரு பைசா கூடாது.

சரி, குரல் எப்படிப் போனது?

குரலை அப்படியே மின் அலையாக்கி வானில் விட்டால் என்ன என்று தோன்றும். விடலாம், ஆனால் ஏரியல் கட்ட முடியாது. விநாடிக்கு 1,000 அதிர்வு கொண்ட ஒலியை அதே அதிர்வெண்ணில் ரேடியோ அலையாக்கினால் அதன் அலைநீளம் 300 கிலோமீட்டர். அலையைச் சிரமமில்லாமல் வீச, ஏரியலின் நீளம் அதில் கால் பங்காவது இருந்தால் நல்லது. 75 கிலோமீட்டருக்குக் கம்பம் நடுவது யாரால் ஆகும்? அதனால் அதிர்வெண் மிகுந்த ஓர் அலையை உண்டாக்கி, அதன் மேல் குரலை ஏற்றி அனுப்புகிறார்கள். அதுதான் ஊர்தி அலை. மெல்பாவின் குரலைச் சுமந்த அலையின் நீளம் 2,800 மீட்டர்; அதாவது விநாடிக்குச் சுமார் 1,07,000 அதிர்வுகள்.

நாதஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே சுருதியை விடாமல் பிடித்திருப்பார். அவர் சுருதியை மாற்றாமல், இன்னொருவர் பேச்சின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப ஊதும் அழுத்தத்தை மட்டும் கூட்டிக் குறைத்தால் எப்படி இருக்கும்? சுருதி அதேதான், ஒலியின் வலிமையில் மட்டும் பேச்சின் வடிவம் பதிந்திருக்கும். வீச்சுப் பண்பேற்றம் என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான்.

இதற்கு அந்த ‘ஒத்து’ துளியும் அறுபடாமல் ஒலிக்க வேண்டும். மார்க்கோனி தொடக்கத்தில் பயன்படுத்திய தீப்பொறிக் கருவிகள் அதற்கு ஒத்துவரவில்லை. ஒவ்வொரு பொறிக்கும் ஓர் அலைத்துடிப்பு எழுந்து உடனே அடங்கிவிடும். மோர்ஸ் தந்திக்கு அது போதும், பாட்டுக்குப் போதாது. பிரச்சினையைத் தீர்த்தது வால்வு என்ற கண்ணாடிக் குமிழ். 1904இல் ஜான் ஆம்புரோஸ் ஃபிளெமிங் இரு முனை வால்வை உருவாக்கினார். 1906இல் டி ஃபாரஸ்ட் அதற்குள் மூன்றாவது முனையைச் சேர்த்தார். முதல் உலகப் போர் அந்தக் கண்ணாடிக் குமிழ்களை ஆய்வுக்கூடத்திலிருந்து ஆலைக்குக் கொண்டுவந்தது. செம்ஸ்ஃபோர்டில் அன்று வேலை செய்தது 15 கிலோவாட் வால்வுக் கருவி.

மைக்கின் பாடுதான் பரிதாபம். டெலிபோன் வாய்க்குழலுக்குள் இருப்பவை கார்பன் துகள்கள். ஒலி அழுத்தும்போது துகள்கள் நெருங்கி மின்தடை குறையும், விலகும்போது கூடும். பேச்சுக்கு இது அருமையான ஏற்பாடு. ஆபரா பாடகியின் உச்சஸ்தாயிக்கு அல்ல. குரல் அளவுக்கு மீறி ஏறினால் ஊர்தி அலை இடையிடையே அறுந்து பாட்டு கரகரக்கும். இன்றைக்கு மிக்ஸரில் ஒரு குமிழைத் தள்ளிச் சரிசெய்கிறோம். அந்தக் காலத்தில் பாடகர்தான் உச்சத்தில் பின்னே தள்ளி நின்று, மெல்லிய இடத்தில் முன்னே வர வேண்டும். அரங்கின் கடைசி வரிசைக்குக் குரலை எறிந்து பழகியவர்களுக்கு அது புதுப் பாடம்.

கேட்டவர்களின் பக்கம் போவோம். கப்பல்களின் வயர்லெஸ் அறைகளில் கேட்டார்கள். பாரிஸில் கேட்டார்கள். அட்லாண்டிக்கின் மறுகரையில், நியூஃபவுண்ட்லாந்தில் கேட்டதாகத் தகவல் வந்தது. நீண்ட அலைக்கு ஒரு குணம் உண்டு: பூமியின் வளைவை ஒட்டியே அது வெகுதூரம் போகும். மேலே வளிமண்டலத்தில் மின்னேற்றம் பெற்ற ஓர் அடுக்கு இருந்து அலையைத் திருப்பி விடுகிறது என்று ஹெவிசைடு, கென்னலி என்ற இரு விஞ்ஞானிகள் 1902இல் ஊகித்திருந்தார்கள். ஆப்பிள்டன் அதைச் சோதனையில் நிறுவியது 1924இல். ஆக, மெல்பா பாடிய அன்று அந்த அடுக்கு இருப்பதற்கு நேரடிச் சான்றுகூடக் கிடையாது.

வீடுகளில் கேட்டவர்கள் பலரிடம் இருந்தது கிரிஸ்டல் செட். அதைப் பற்றி எழுத எனக்கு எப்போதும் ஆசை. பேட்டரி இல்லை, வால்வு இல்லை. வெளியே நீளமாக ஒரு கம்பி, தண்ணீர்க் குழாயில் கட்டிய ஓர் எர்த், ஒரு சுருள், ஒரு ஹெட்போன். இவற்றுக்கு நடுவே கட்டைவிரல் நுனி அளவில் கலினா என்ற ஈயத் தாதுக் கல். பூனை மீசை என்று அவர்கள் அழைத்த ஒரு மெல்லிய கம்பியின் முனையால் அந்தக் கல்லைத் தொட்டுத் தொட்டுத் தேட வேண்டும். எல்லா இடத்திலும் வேலை செய்யாது. சரியான புள்ளி சிக்கினால் சட்டென்று காதில் பாட்டு விழும். யாராவது மேஜையை இடித்தால் போயிற்று, மறுபடி தேட வேண்டும். ஹெட்போனின் இரு செவிகளையும் கழற்றி ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்வார்கள். வீட்டில் ஆள் அதிகமென்றால் பீங்கான் கிண்ணத்துக்குள் ஹெட்போனைப் போட்டுச் சுற்றி உட்காருவார்கள். கிண்ணம் ஒலியைத் திரட்டிக் கொடுக்கும்.

அந்தக் கல் செய்வது என்ன? மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடுகிறது. ஊர்தி அலையின் பாதி வெட்டுப்படுகிறது. விநாடிக்கு லட்சம் முறை துடிக்க ஹெட்போனின் தகட்டால் முடியாது; அதன் சராசரியை, அதாவது குரலின் வடிவத்தை மட்டும் அது பின்பற்றுகிறது. இந்தக் கலினா உணர்விக்கு 1904இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றவர் ஜகதீஷ் சந்திர போஸ். காப்புரிமைகளில் நாட்டமே இல்லாத அந்த வங்காள விஞ்ஞானியின் பெயர், குறைக்கடத்தி உணர்விகளின் வரலாற்றில் முதல் வரிசையில் நிற்கிறது.

பேட்டரியே இல்லாத கருவியை இயக்கியது எது? செம்ஸ்ஃபோர்டிலிருந்து கிளம்பிய அலையின் ஆற்றலேதான். அதில் கம்பியில் வந்து சிக்குவது மிக மிக அற்பம். ஆனால் காது அதற்கும் மேலான அதிசயம். நம் செவிக்கு எட்டும் மிக மெல்லிய ஒலியில் செவிப்பறை அசையும் தூரம் ஓர் அணுவின் விட்டத்தைவிடக் குறைவு. முதல் வானொலி நேயர்களுக்கு ஆம்பிளிஃபையராக இருந்தது அவர்களுடைய காதுதான்.

இந்தக் கொண்டாட்டம் நீடிக்கவில்லை. முக்கியமான தகவல் தொடர்புகளுக்கு இடையூறு என்று சொல்லி, அந்த ஆண்டு இலையுதிர் காலத்திலேயே செம்ஸ்ஃபோர்டு ஒலிபரப்பைத் தபால் துறை நிறுத்திவிட்டது. அன்றைய கருவிகள் அலைகளைப் பிரித்தெடுப்பதில் மட்டம் என்பதால் புகாரில் உண்மை இருந்தது. 1922 பிப்ரவரி 14இல், அருகிலுள்ள ரிட்டில் கிராமத்து மரக் கொட்டகையிலிருந்து பீட்டர் எக்கர்ஸ்லியின் குழு மீண்டும் தொடங்கியது. வாரத்துக்கு அரை மணி நேரம். அந்த ஆண்டு நவம்பர் 14இல் பிபிசி ஒலிபரப்பைத் தொடங்கியது.

நம் ஊருக்கும் காலதாமதமில்லாமல் வந்துவிட்டது. சி. வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று அமைத்த சென்னை ராஜதானி ரேடியோ கிளப், 1924 ஜூலை 31 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. அவர்களுடைய முதல் கருவி 40 வாட். செம்ஸ்ஃபோர்டின் 15,000 வாட்டோடு ஒப்பிட்டால் கால் சதவீதத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். பணமில்லாமல் 1927இல் கிளப் நின்றது, கருவி சென்னை மாநகராட்சிக்குப் போனது. மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் நாள்தோறும் மாலையில் இசை ஒலிபரப்பியது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் வைத்தார்கள். ரேடியோ வாங்க வசதியில்லாதவர்கள் காற்று வாங்கியபடியே பாட்டுக் கேட்டார்கள். காதோடு காதாக ஹெட்போனில் தொடங்கிய சமாச்சாரம், வால்வு பெருக்கிகளின் புண்ணியத்தால் இங்கே பத்து ஆண்டுகளில் பொது முற்றத்துக்கு வந்துவிட்டது. ஒரு மாநகராட்சி சங்கீதத்தையும் குடிநீர், தெருவிளக்கு வரிசையில் வைத்து வழங்கியது என்பதைப் படிக்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது. 1938 ஜூன் 16இல் சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் திறக்கப்படும் வரை இந்தப் பணி தொடர்ந்தது.

கிரிஸ்டல் செட்டை இன்றும் செய்து கேட்கலாம். ஆனால் அதில் கேட்பதற்கு ஏற்ற மத்திய அலை (மீடியம் வேவ்) ஒலிபரப்பை ஜெர்மனி உட்படப் பல ஐரோப்பிய நாடுகள் ஏற்கெனவே மூடிவிட்டன. இங்கே அது இருக்கும்போதே, இயற்பியல் ஆசிரியர்களே, மாணவர்களை வைத்து ஒரு கிரிஸ்டல் செட் செய்து பாருங்கள். செலவு சொற்பம். கலினாவைத் தேடி அலைய வேண்டாம், ஜெர்மானியம் டயோடு போதும். கடையில் சிலிக்கான் டயோடைக் கொடுத்தால் வாங்காதீர்கள். அது திறக்க அரை வோல்ட்டுக்கு மேல் வேண்டும், ஏரியலில் அவ்வளவு வராது. பழைய ரேடியோவிலிருந்து ஒரு மீடியம் வேவ் காயிலும் கேங் கண்டன்சரும் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். காதுக்குக் கிரிஸ்டல் இயர்போன்தான் சரி. செல்போன் இயர்போன் ஒத்துவராது. பத்துப் பதினைந்து மீட்டர் கம்பியை மின்கம்பிகளிலிருந்து நன்றாக விலக்கிக் கட்டுங்கள். இடி மின்னல் வரும் அறிகுறி தெரிந்தால் அதைத் தொடாதீர்கள்.