சார்ந்து நிற்கும் உரிமை

"மாப்பிள்ளை ஐரோப்பாவிற் குடியுரிமை பெற்றவர், ஆதலாற் பெண் அங்கே போய்ச் சேர்வதற்குத் தடையொன்றும் இராது" என்னும் பேச்சு நம் வீடுகளில் இன்று சாதாரணமாய்க் கேட்கப்படுவது. கல்யாணப் பேச்சிற் சாதகப் பொருத்தத்துக்கு அடுத்தபடியாகக் கடவுச்சீட்டுப் பொருத்தமும் பார்க்கப்படுகின்றது. ஆயின், அக்கடவுச்சீட்டு எவ்விடத்தில் எவ்வளவு வலியுடையது என்பதை ஆராய்வார் மிகச் சிலரே. ஒரே கடவுச்சீட்டு ஓரிடத்தில் மனைவிக்குக் கதவைத் திறந்துவிடுகின்றது. மற்றோரிடத்தில், அதுவும் கணவனின் சொந்த நாட்டிலேயே, வாளாவிருந்து விடுகின்றது. இப்புதுமையின் காரணத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எழுத்துக்களை முதலெழுத்து, சார்பெழுத்து என நம் இலக்கண நூலார் இருவகைப்படுத்துவர். முதலெழுத்துத் தானே நிற்கும். சார்பெழுத்து மற்றொன்றைச் சார்ந்தே வரும். 'எஃகு' என்னுஞ் சொல்லிலுள்ள ஆய்தத்துக்கு முன்னே ஒரு குற்றெழுத்தும் பின்னே ஒரு வல்லின உயிர்மெய்யும் வேண்டும். அவையின்றேல் அது நிற்பதற்கு இடமில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத்தில் அந்நிய நாட்டுக் கணவனுக்கோ மனைவிக்கோ உள்ள வதிவிட உரிமையும் இத்தகையதே. உரிமை முதற்கண் குடியுரிமையாளருக்கு உரியது. துணைவர் பெறுவது அவரைச் சார்ந்து பிறந்தது. அச்சார்பும் விவாகத்தால் மாத்திரம் அமைவதன்று. குடியுரிமையாளர் தம் நாட்டெல்லையைக் கடந்து மற்றோர் உறுப்பு நாட்டில் வாழும்போதே அது உயிர் பெறுகின்றது.

இவ்வாறு அமைந்ததற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1957 இல் பிரான்சு, மேற்கு ஜேர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பேர்க் ஆகிய ஆறு நாடுகள் உரோமாபுரியில் ஓர் உடன்படிக்கை செய்தன. பொருள்கள் எல்லை கடந்து செல்வதுபோலத் தொழிலாளரும் தடையின்றிச் செல்லவேண்டும் என்பது அதன் குறிக்கோள்களுள் ஒன்று. மனைவி மக்களைப் பிரிந்து எவன்தான் வேற்று நாட்டில் வேலைக்குப் போக விரும்புவான்? ஆகவே, 1968 இல் இயற்றப்பட்ட ஒழுங்குவிதி, தொழிலாளியின் துணைவர் எந்நாட்டவராயினும் அவரோடு கூடி வாழலாம் என விதித்தது. இரக்கத்தினும் பார்க்கத் தொழிற்சந்தையின் தேவையே அவ்விதிக்கு வித்தாயிற்று என்பது மனங்கொளத்தக்கது.

இன்று வழங்கும் பணிப்புரை 2004 இல் உருவானது. மற்றோர் உறுப்பு நாட்டில் மூன்று மாதம்வரை தங்குவதற்குப் பெரிய நிபந்தனை இல்லை. அதற்கு மேலாயின், குடியுரிமையாளர் தொழில் செய்பவராகவோ, மாணவராகவோ, போதிய வருவாயும் மருத்துவக் காப்புறுதியும் உடையவராகவோ இருத்தல் வேண்டும். உடன் வரும் அந்நியத் துணைவருக்கு நுழைவு விசா கட்டணமின்றி விரைவில் வழங்கப்படவேண்டும். விண்ணப்பித்த ஆறு மாதத்துள் வதிவிட அட்டை கொடுக்கப்படவேண்டும். மொழித் தேர்வோ வருமான வரம்போ வைத்து அவரை வாயிலில் நிறுத்திவைக்க அந்நாட்டு அரசுக்கு அதிகாரமில்லை.

இனி, சொந்த நாட்டிலே இருப்பவன் நிலையைக் காண்போம். 1982 இல் நெதர்லாந்திலிருந்து ஒரு வழக்கு லக்சம்பேர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு வந்தது. சூரினாம் நாட்டுத் தாய்மார் இருவர், ஒல்லாந்துக் குடியுரிமை பெற்ற தம் பிள்ளைகளோடு வாழ அனுமதி கேட்டனர். பிள்ளைகள் நெதர்லாந்தை விட்டு வேறெங்கும் தொழிலுக்குச் சென்றவரல்லர். ஆதலின் இது உள்நாட்டு விவகாரம், ஐரோப்பியச் சட்டம் இதனுள் நுழையாது என்பது தீர்ப்பு. அப்பிள்ளைகள் அயல் நாடொன்றில் வேலை செய்திருப்பின் முடிவு வேறாக இருந்திருக்கும். பிறந்த ஊரிற் பிழைப்பவனுக்கு இல்லாத உரிமை பிறவூரிற் பிழைப்பவனுக்கு உண்டாயிற்று.

இந்நிலையில் ஒரு வாயிலைத் திறந்தது சுரிந்தர் சிங் வழக்கு. இந்தியரான அவர் 1982 இல் இங்கிலாந்தின் பிராட்போர்ட் நகரிற் பிரித்தானியப் பெண்ணொருத்தியை மணந்தார். 1983 முதல் 1985 வரை இருவரும் ஜேர்மனியில் வேலை பார்த்துப் பின்னர்த் தொழில் தொடங்குவதற்காகப் பிரித்தானியா திரும்பினர். மணவாழ்வு முறியத் தொடங்கியபோது அவரை நாடுகடத்த அரசு முற்பட்டது. 1992 யூலை 7 ஆம் நாள் நீதிமன்றம் தன் முடிவைக் கூறிற்று: அயல் உறுப்பு நாட்டில் தொழில் புரிந்து திரும்பும் குடிமகளுக்கு, அங்கே இருந்த வசதி தாய்நாட்டிற் குறைந்துவிடலாகாது, குறையுமாயின் அவள் முதலிலேயே போகத் தயங்குவாள், ஆகவே அவளுடன் திரும்பும் கணவனும் அதே உரிமை உடையவனாவான். இங்கும் பயணமே உரிமையைத் தந்தது.

இதனைப் பலர் விரைவில் உணர்ந்துகொண்டனர். டென்மார்க் 2002 இல், தம்பதியர் இருவரும் 24 வயது நிறைந்தவராயிருத்தல் வேண்டும் என்று கட்டுப்பாடு விதித்தது. கொப்பன்கேகனுக்கும் சுவீடனின் மால்மோ நகருக்கும் இடையே 2000 இல் திறக்கப்பட்ட பாலம் அப்பொழுது வேறொரு பயன் தந்தது. இளந்தம்பதியர் கடலுக்கு அக்கரையிற் குடியேறி, இக்கரையில் வேலைக்கு வந்து போயினர். பிரித்தானியாவும் 2012 இல் துணைவரை அழைப்போருக்கு ஆண்டுக்கு 18,600 பவுண் வருமானம் வேண்டும் என்றது. 2024 இல் அது 29,000 பவுண் ஆக உயர்த்தப்பட்டது. இடைக்காலத்திற் பிரித்தானியர் பலர் அயர்லாந்து முதலிய நாடுகளுக்குச் சென்று வாழ்ந்து, துணைவரோடு திரும்பினர். பிரித்தானியா 2020 இல் ஒன்றியத்தை விட்டு விலகியதன்பின் அவ்வழி 2022 இல் அங்கே பொதுவாக அடைக்கப்பட்டது. பிரித்தானிய வழக்கிற் பிறந்த விதி பிரித்தானியாவில் மறைந்து, எஞ்சிய 27 நாடுகளில் வாழ்கின்றது.

விதியின் எல்லையை நீதிமன்றம் காலத்துக்குக் காலம் விரித்தும் சுருக்கியும் வந்துள்ளது. அந்நியத் துணைவர் முன்னரே ஓர் உறுப்பு நாட்டிற் சட்டப்படி வாழ்ந்திருக்கவேண்டும் என்று 2003 இற் கூறியது. 2008 இல் மெட்டொக் வழக்கில் அதனைக் கைவிட்டது. அயர்லாந்தில் அடைக்கலம் கோரிப் பெறாத ஆபிரிக்கர் நால்வர், அங்கு வாழ்ந்த பிற உறுப்பு நாட்டுப் பெண்களை மணந்திருந்தனர். அவர்கள் தத்தம் மனைவியரோடு வாழலாம் என்றது. 2014 இல், வாரவிடுமுறைக்குப் போய்வருதல் போதாது, அயல் நாட்டில் உண்மையான குடும்ப வாழ்வு நடந்திருக்கவேண்டும் என வரையறுத்தது. உரிமைக்காகவே செய்யப்படும் பொய்ம்மணத்தைத் தள்ளவும் நாடுகளுக்கு இடமுண்டு. 2018 இல் ருமேனியர் ஒருவரும் அவரை மணந்த அமெரிக்க ஆடவரும் தொடுத்த வழக்கில், 'துணைவர்' என்னுஞ் சொல் பாலுணர்த்தாதது என்று பொருள்கொண்டு தீர்ப்பளித்தது. ஒரு சொல்லின் பொருள் ஒரு குடும்பத்தின் இருப்பிடத்தை நிச்சயித்தமை மொழி கற்போர் சிந்திக்கத்தக்கது.

சார்ந்து நிற்பதன் துன்பம், சார்பு விலகும்போதே தெரியும். விவாகரத்து நிகழ்ந்தாலும், மணம் மூன்றாண்டு நிலைத்து அதில் ஓராண்டேனும் அந்நாட்டிற் கழிந்திருப்பின் துணைவரின் உரிமை தொடரக்கூடும். கொடுமைக்கு ஆளானோருக்கும் தனிப் பாதுகாப்புண்டு. ஆனால், விவாகரத்து வழக்குத் தொடங்குமுன்பே குடியுரிமையாளர் நாட்டைவிட்டுப் போய்விட்டால், உரிமையும் அவரோடு போய்விடும் என 2015 இல் தீர்ப்பாயிற்று. அடுத்த ஆண்டில், ஜேர்மன் கணவனாற் கொடுமைப்படுத்தப்பட்டுப் பிரித்தானியாவிற் கைவிடப்பட்ட பாகிஸ்தானியப் பெண்ணுக்கும் அப்பாதுகாப்புக் கிடைக்கவில்லை. பிள்ளைகள் அங்கே பள்ளியிற் கற்கும் உரிமையைப் பற்றிக்கொண்டே அவள் தங்கமுடிந்தது. கொடுமை செய்தவனே புறப்பட்டுப்போய் அவளைத் தண்டிக்கக் கூடிய நிலை அது. 2021 இல் நீதிமன்றம் இதனை ஓரளவு திருத்திற்று: வன்முறைக்கு ஆளானவர், துணைவர் வெளியேறியபின் நியாயமான காலத்துள் வழக்குத் தொடுத்தால் உரிமை காக்கப்படும் என்றது.

ஐந்தாண்டு தொடர்ந்து சட்டப்படி வாழ்ந்தபின் நிலை மாறுகின்றது. துணைவருக்கு நிரந்தர வதிவிட உரிமை தம் பெயரிலேயே வந்துவிடுகின்றது. தொடர்ச்சியாக இரண்டாண்டுக்குமேல் அந்நாட்டை நீங்கியிருந்தாலன்றி அது பொதுவாக அழிவதில்லை. சார்பெழுத்து அன்றுதான் முதலெழுத்தாகின்றது.

ஆதலின், மகளை அனுப்பும் பெற்றோரும் புறப்படும் பிள்ளைகளும், மணமகன் எந்நாட்டுக் குடிமகன் என்று கேட்பதோடு நில்லாது, எந்நாட்டில் வாழ்கின்றான் என்றும் கேட்டறிக. பிரெஞ்சுக் குடியுரிமையுடையவர் பாரிசிலேயே வாழ்ந்து வருபவராயின் மனைவியின் வரவைப் பிரான்சின் சட்டமே தீர்மானிக்கும்; ஜேர்மனியில் வேலை செய்வாராயின் ஒன்றியத்தின் சட்டம் துணைநிற்கும். போய்ச் சேர்ந்தபின் அவள் தன் வதிவிட அட்டையையும், அங்கு வாழ்ந்த காலத்தைக் காட்டும் பத்திரங்களையும் தன் கையிலேயே வைத்திருத்தல் வேண்டும். அந்த ஐந்தாண்டைக் கணக்கிட வேண்டியவள் அவளே.