இயற்கணிதக் கோவைகள்: மதிப்புக் காணலும் விரித்தலும்

எண்களும் எழுத்துகளும் கணிதச் செயல்களால் இணைந்து அமைவது இயற்கணிதக் கோவை. இலங்கைப் பாடநூல்களில் இது அட்சரகணிதக் கோவை எனப்படும். 5க + 3 என்ற கோவையில் க மாறி, 3 மாறிலி; 5 என்பது க-வின் கெழு. எழுத்து எதுவாகவும் இருக்கலாம்.

மதிப்புக் காணல்

மாறிக்குப் பதிலாக எண்ணை இடுவது பிரதியிடல். 5க என்பதில் பெருக்கல் குறி மறைந்து நிற்கிறது. க = 2 எனில் அது 52 அன்று, 5 × 2 = 10. ஆகவே 5க + 3-இன் மதிப்பு 13.

குறை எண்ணைப் பிரதியிடும்போது அடைப்புக்குறி கட்டாயம் தேவை. க = −3 எனில் க² = (−3)² = 9. அடைப்புக்குறியை விட்டு −3² என எழுதினால் மதிப்பு −9 ஆகிவிடும். 2க², (2க)² இரண்டும் ஒன்றல்ல என்பதையும் கவனிக்க: க = 5 எனில் முதலாவது 50, இரண்டாவது 100.

விரித்தல்

ஒரு பேனா க ரூபாய், ஒரு பென்சில் 4 ரூபாய் என்க. மூன்று மாணவர்கள் ஆளுக்கு ஒரு பேனாவும் ஒரு பென்சிலும் வாங்கினால் செலவு 3(க + 4) = 3க + 12. இதை 3க + 4 என எழுதினால் இரண்டு பென்சில்களுக்குக் கடைக்காரருக்குக் காசு வராது! வெளியே உள்ள எண் உள்ளே உள்ள ஒவ்வோர் உறுப்பையும் பெருக்க வேண்டும். இதுவே பங்கீட்டுப் பண்பு.

தேர்வில் மதிப்பெண் அதிகம் போவது கழித்தல் குறியில்தான்.

7 − 2(க − 5) = 7 − 2க + 10 = 17 − 2க

இங்கு பெருக்கும் எண் 2 அன்று, −2. (−2) × (−5) = +10. முதலில் 7-இலிருந்து 2-ஐக் கழித்து 5(க − 5) என எழுதுவதும் தவறு. பெருக்கலுக்குப் பின்னரே கழித்தல்.

(க + 3)² என்பது (க + 3)(க + 3). விரித்தால் க² + 3க + 3க + 9 = க² + 6க + 9. நடுவில் உள்ள 6க-வைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

விடையைச் சரிபார்த்தல்

விரித்த விடையைப் பிரதியிட்டுச் சோதிக்கலாம். க = 2 எனில் 7 − 2(2 − 5) = 13; 17 − 2 × 2 = 13. பொருந்துகிறது.

சோதனைக்கு 0 வேண்டாம். க = 0 எனில் (க + 3)², க² + 9 இரண்டுமே 9; தவறு மறைந்துவிடும். க = 2 எனில் 25, 13 என வேறுபட்டு நிற்கும்.

ஓர் எண்ணுக்குப் பொருந்தாவிட்டால் விடை நிச்சயம் தவறு. ஆனால் ஓர் எண்ணுக்குப் பொருந்தியதாலேயே சரி என்று சொல்ல முடியாது. க மட்டும் வரும் கோவைகளுக்கு இரண்டு வெவ்வேறு எண்களும், க² வரை வரும் கோவைகளுக்கு மூன்றும் பொருந்தினால் ஐயமே இல்லை.