பிஸ்டனும் மயிரிழை இடைவெளியும்



கிருஷ்ணகிரிக்கு வடக்கே, ஆந்திர, கருநாடக எல்லைகளை ஒட்டி அமைந்தது எங்கள் வேப்பனப்பள்ளி. ஓசூரில் 1980ஆம் ஆண்டு டி.வி.எஸ். மொபெட் உற்பத்தி தொடங்கியது முதல், இப்பக்கத்து இளைஞர் பலருக்கு எஞ்சின் என்பது பாடப்புத்தகத்துப் படமாக இல்லாமல் கையால் தொட்டறியும் பொருளாயிற்று. என்னிடம் பயின்ற சிலர் இன்று சொந்தமாகவே பட்டறை வைத்துள்ளனர். எஞ்சினைப் பிரித்து வேகத்துக்கு ஏற்றவாறு மீண்டும் கட்ட விரும்புவோர் அங்கு வந்து முதலில் கேட்பது ‘ஃபோர்ஜ்டு பிஸ்டன்’. அதைப் போட்டால் வண்டி பறக்கும் என்பது அவர்கள் எண்ணம். அப்பிஸ்டனை எவ்வாறு தேர்ந்து, எவ்வாறு பொருத்துவது என்பதே இன்றைய பேச்சு.

முதலில் ஒன்று கூறிவிடுகிறேன். பிஸ்டனை மாற்றுவதால் மட்டும் குதிரைத் திறன் கூடுவதில்லை. அழுத்தத்தையும் சுழற்சி வேகத்தையும் உயர்த்தித் திறனைக் கூட்டும்போது, அந்தச் சுமையை உடையாமல் தாங்குவதே ஃபோர்ஜ்டு பிஸ்டனின் வேலை. நாள்தோறும் சந்தைக்குச் சென்று வரும் வண்டிக்கு வார்ப்புப் பிஸ்டனே போதும்.

அலுமினியப் பிஸ்டனுக்கு ஒரு சுவையான வரலாறு உண்டு. 1913ஆம் ஆண்டு பென்ட்லி என்னும் ஆங்கிலேயர் பிரான்சு நாட்டுக் கார் தொழிற்சாலை ஒன்றிற்குச் சென்றபோது, அங்கே மேசைமீது காகிதம் பறவாதிருக்க வைத்திருந்த அலுமினியப் பொருளொன்றைக் கண்டார். இவ்வுலோகத்தால் பிஸ்டன் செய்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. கனமான வார்ப்பிரும்புப் பிஸ்டன்கள் வழங்கிய காலம் அது. முதல் உலகப் போரில் விமான எஞ்சின்களிலும் அலுமினியம் இடம்பெற்றது. நம் சென்னையில் இந்தியா பிஸ்டன்ஸ் நிறுவனம் தோன்றியது 1949இல்.

வார்ப்பு என்பது உருகிய உலோகத்தை அச்சில் ஊற்றி ஆறவைப்பது. ஃபோர்ஜிங் என்பது, கொல்லன் காய்ச்சிய இரும்பை அடிப்பதைப் போல, சூடேற்றிய அலுமினியக் கட்டியை அச்சில் வைத்துப் பெருவிசையால் அழுத்துவது. அவ்வழுத்தத்தில் உள்ளிருக்கும் நுண்துளைகள் மூடிக்கொள்ளும், உலோகம் நெருக்கமுறும்.

ஆனால் ஃபோர்ஜ்டு பிஸ்டன் யாவும் ஒன்றல்ல. கடையில் 4032, 2618 என இரு கலவைகள் கிடைக்கும். முன்னதில் சிலிக்கன் ஏறத்தாழ 12 விழுக்காடு. பின்னதில் அது மிகச் சொற்பம். சிலிக்கன் குறைந்தால் உலோகம் எளிதில் வெடிக்காது. வெப்பத்தில் விரிவதோ மிகுதி. கான்கார்டு விமானத்தின் உடலை அமைத்ததும் இந்த 2618 இனத்துக் கலவையே என்பதைச் சொன்னால் அதன் உறுதி விளங்கும்.

நீள் விரிவுக் குணகம் என்று நீங்கள் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறீர்களே, அது இங்கேதான் உயிர் பெறுகிறது. 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டன் 100 டிகிரி சூடேறினால், 4032 ஏறத்தாழ 0.136 மில்லிமீட்டர் விரியும். 2618 ஏறத்தாழ 0.156. வார்ப்பிரும்புச் சிலிண்டர் விரிவதோ 0.08 அளவே. இரு பிஸ்டன்களுக்கும் இடையேயுள்ள வேற்றுமை 0.02, ஒரு தலைமயிரின் பருமனில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. ஆயினும் வார்ப்புப் பிஸ்டனுக்குரிய இடைவெளியையே 2618க்கும் விட்டால், சூடேறியதும் பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். நெடுஞ்சாலையில் விரைந்து செல்லும்போது எஞ்சின் இவ்வாறு இறுகினால் பின்சக்கரமும் பூட்டிக்கொள்ளக்கூடும். அப்போது கிளட்சைப் பிடிக்க ஓட்டுபவனுக்கு நொடிப்பொழுதே கிடைக்கும்.

ஆகவே, சாலையில் ஓடும் வண்டியைச் சற்றே மேம்படுத்துவோர்க்கு 4032 பொருந்தும். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஓட்டுவோரும் டர்போ பூட்டுவோரும் 2618ஐ நாடலாம். எங்கள் சாலைகளில் பந்தயம் ஓட்டுவோருக்கு நான் எதையும் பரிந்துரைக்க விரும்பவில்லை.

இனிப் பொருத்துதல். முதலில் பிஸ்டனை வாங்குக. அதன் பின்னரே சிலிண்டரைப் போரிங் செய்யக் கொடுக்கவேண்டும். பிஸ்டன் முழு வட்டமன்று. பின் செல்லும் திசையில் சற்று ஒடுங்கியும், மேலே சிறுத்தும் இருக்கும். எனவே, தயாரிப்பாளர் தாளில் குறித்துள்ள உயரத்தில், பின்னுக்குச் செங்குத்தான திசையில், மைக்ரோமீட்டரால் அளத்தல் வேண்டும். சிலிண்டரைப் போர் கேஜால் மேல், நடு, கீழ் என மூன்றிடங்களில், இரு திசைகளில் அளக்கவேண்டும். இரண்டும் ஒரே வெப்பநிலையில் இருத்தல் முக்கியம். வெயிலில் கிடந்த பிஸ்டனை அளந்துவிட்டு நிழலிலிருக்கும் சிலிண்டரை அளப்பவன் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறான். விடவேண்டிய இடைவெளிக்கு அத்தாளில் உள்ள அளவே ஆதாரம், கைப்பழக்கம் ஆகாது.

ரிங்கைச் சிலிண்டருக்குள் இட்டு, பிஸ்டனின் தலையால் தள்ளி நேராக்கி, அதன் இரு முனைகளுக்கிடையே ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்க்கவேண்டும். விட்டத்தில் ஆயிரத்துக்கு நான்கு பங்கு என்பது மேல் ரிங்குக்குப் பொதுவான தொடக்கக் கணக்கு. 70 மில்லிமீட்டருக்கு 0.28. இடைவெளி குறைந்தால் முனைகள் சூட்டில் முட்டிப் பிஸ்டனையே உடைக்கும். பின்னைத் தாங்கும் சர்க்கிளிப்பைப் புதிதாகவே போடுக. ஒருமுறை கழற்றியதை மீண்டும் இடலாகாது.

இவ்வளவும் செய்தபின், குளிர்ந்த எஞ்சினை முதன்முதல் இயக்கும்போது ‘டக் டக்’ என்ற ஒலி கேட்கலாம். கூடுதல் இடைவெளியில் பிஸ்டன் அசைந்து சுவரைத் தட்டும் ஒலி அது, சூடேறியதும் அடங்கிவிடும். சூடேறிய பின்னும் தொடர்ந்தால் உடனே எஞ்சினை நிறுத்தி, திறந்து மறுபடியும் அளக்கவேண்டும்.